இரண்டாவது பொத்தானின் சந்தனம்

அத்தியாயம் 4

"சொந்த அஜாக்கிரதையால் மரணம்" என்று எழுத அரசாங்கத்துக்கு அரை நிமிஷம் போதும். அது பொய் என்று காட்ட எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு. ஓசூர் சிப்காட்டில் சம்பங்கி பிரஸ்ஸிங்ஸ் கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினேன். பின்சீட்டிலிருந்து ஜெயமணி மேடம் இறங்கினார். போலீஸில் பதினாலு வருஷம் இருந்தவர். மேலதிகாரி ஒருவரின் மைத்துனனைப் பிடித்த குற்றத்துக்காக வெளியே வந்தவர். இப்போது பாகலூர் ரோட்டில் டயர் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ். அந்த ஆபீஸுக்கு டிரைவர், டீ வாங்குபவன், கன்னடம் தெலுங்கு உருது மூன்றுக்கும் மொழிபெயர்ப்பாளன் எல்லாம் நான் ஒருவனே. பெயர் லால் பாஷா. இத்தனை வேலைக்கும் சம்பளம் உண்டு, என் வாய் மட்டும் இலவசம்.

கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் ராஜாத்தி நின்றிருந்தாள். எங்கள் கட்சிக்காரி. பக்கத்தில் குடை பிடித்தபடி அவள் அண்ணன் கருப்பசாமி. இருவரும் கோவில்பட்டிப் பக்கம். பிழைக்க வந்த இடத்தில் நாகரசம்பட்டிக்காரன் சென்றாயனை ராஜாத்தி விரும்பிக் கட்டிக்கொண்டாள். புருஷன் வீட்டில் அவளை வாசற்படி ஏற விடவில்லை. இரண்டு மாசத்துக்கு முன் தகடு அடிக்கும் நாலாம் நம்பர் பிரஸ் சென்றாயனின் கையை முழங்கையோடு வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரி போவதற்குள் ரத்தம் தீர்ந்துவிட்டது. இப்போது இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அந்த அண்ணனும் இதே கம்பெனியில்தான் ஷிப்ட் சூப்பர்வைசர்.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் லெட்டர் குடுத்துட்டாகளாம்மா?" என்றாள் ராஜாத்தி.

"ஒண்ணரை மணி வரைக்கும் உள்ள பாக்கலாம்னு குடுத்திருக்காரு. நாளைக்குக் கிருஷ்ணகிரியில விசாரணை" என்றார் மேடம்.

"எனக்கு நஷ்டஈடு கூட ரெண்டாம்பட்சம்மா. பெரியவன் பள்ளிக்கூடத்துல 'உங்கப்பா குடிச்சிட்டுக் கைய விட்டாராமே'ன்னு கேக்குதுகளாம். அவுக டீ கூடச் சீனி கம்மியாத்தான் குடிப்பாக. அது பொய்யுன்னு ஒரு காயிதத்துல எழுதி வாங்கிக் குடுங்க, போதும்."

கருப்பசாமி குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தான். நல்ல அண்ணன் என்று நினைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்தாள் வஜிஹா. காவேரிப்பட்டினத்துப் பெண், இருபத்து நாலு வயசு. பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. "வேலை" என்பது திங்கள் வரைக்கும். திங்களன்று இந்த ஃபேக்டரியின் டிஸ்க்குகளில் இருந்ததெல்லாம் காணாமல் போனதும், பழி அவள் தலையில் விழுந்தது, செவ்வாயன்று வேலை போனது.

"எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவ சொல்லும்மா" என்றார் மேடம்.

"ரெண்டு கம்ப்யூட்டருங்க மேடம். நடுவுல ஒரு டிஸ்க் பெட்டி. ரெண்டுக்கும் அதுதான் பொது. ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு அதே டிஸ்க்க எடுத்துனு வேலைய நிறுத்தாம ஓட்டும்."

"ஒரு அடுப்பு, ரெண்டு மருமக" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அதேதாண்ணா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கரண்டி போட்டா சட்டி காலி. யாரு எப்ப கை வெக்கணும்னு சொல்ற புரோகிராம் கடைசியாதான் ஏத்துவோம். அதுவரைக்கும் ஒரு நேரத்துல ஒரு மெஷின்தான் உயிரோட இருக்கணும். முதல் மெஷின் போட்டு டிஸ்க்க தயார் பண்ணணும். பகுதி பிரிக்கணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து குடுக்கணும், பேரு வெக்கணும். பழைய கம்ப்யூட்டர்ல இருந்த பிரஸ் ரெக்கார்ட அதுல ஏத்தினேன். பழச வித்துட்டாங்க. ரெண்டாவது மெஷின திங்கக்கிழமைதான் போடறதா இருந்தோம். அதுக்குள்ள வெள்ளிக்கிழமை பூஜையில முதலாளி ரெண்டையும் ஒண்ணா போட்டுட்டாராம். நான் போடக்கூடாதுன்னு சொல்லலையாம். சீட்டுல எழுதியே குடுத்திருக்கேங்க, முதல் வரியே அதுதான்!"

"பிரஸ் ரெக்கார்டுல என்ன இருக்கும்?"

"பிரஸ்ஸுல பாதுகாப்புக் கதவு மூடினாதான் அடி இறங்கும். டைங்கற அச்ச மாட்டறப்ப மட்டும் சாவி போட்டு அத நிறுத்தி வெக்கலாம். எந்த நாள், எத்தன மணிக்கு, யாரோட சாவின்னு ஒவ்வொண்ணும் பதிவாகும்."

சென்றாயன் தானே கதவை ஏமாற்றினான் என்பது கம்பெனியின் வாதம். சாவி வேறு ஒருவருடையதாக இருந்தால் அந்த வாதம் அங்கேயே செத்துவிடும். அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

மேனேஜர் சௌந்தரராஜன் எங்களை வாய் நிறைய வரவேற்றார். இத்தனை இனிப்பாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடனே பல் வலிக்கும். "வாங்க வாங்க. நீயும் வாம்மா, உன் கைவண்ணத்த நீயே பாரு" என்று வஜிஹாவையும் சேர்த்துக்கொண்டார்.

பிரஸ் ஷாப் வழியாகத்தான் கம்ப்யூட்டர் அறைக்குப் போக வேண்டும். தரை அதிர்ந்துகொண்டிருந்தது. வரிசையாக நின்ற பிரஸ்களில் மாட்டியிருந்த டைகளில் எல்லாம் சாக்பீஸ் எழுத்து. மாதம்மா, முனீஸ்வரன், சென்றாயப் பெருமாள், பேச்சி.

"இதென்ன சார், ஓட்டு லிஸ்ட்டா?" என்றேன்.

"அதையேன் கேக்கறீங்க. டை மாட்டறவன் அவன் குலசாமி பேர எழுதுவான். பேர் வெக்காத டையில முதல் அடி அடிக்கமாட்டானுங்க. பாதிப் பேருக்குத் தமிழே வராது, சாக்பீஸ் மட்டும் வரும். ஐஎஸ்ஓ வாங்கின கம்பெனி!" என்று சிரித்தார்.

மேடம் நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு முன் ஒரு நிமிஷம் நின்றார். தரையைக் கழுவிப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வேறு ஒருவன் அதில் வேலை செய்துகொண்டிருந்தான். அவன் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் அறையில் ஏசி குளிர். மேஜை மேல் இரண்டு பெரிய கம்ப்யூட்டர்கள், நடுவே டிஸ்க் பெட்டி, இரண்டு பக்கமும் விரல் தடிமனில் கேபிள். எல்லாவற்றிலும் வெள்ளிக்கிழமைப் பூஜையின் மிச்சம் இருந்தது. நெற்றியில் மூன்று கோடு திருநீறு, கீழே வதங்கிய எலுமிச்சை, முக்கியமான இடங்களில் சந்தனமும் குங்குமமும்.

"பூஜை சந்தனத்த யாரும் தொடைக்கறது இல்லியா?" என்றார் மேடம்.

"ஐயோ, தொடைப்பாங்களா? அதுவா உதிரணும்" என்றார் மேனேஜர்.

"பூஜை எத்தன மணிக்கு?"

"ஒம்பதே காலுக்கு மேல பத்தே காலுக்குள்ள நல்ல நேரம். முதலாளி கையாலயே ரெண்டு பொத்தானையும் அடுத்தடுத்து அமுக்கினாரு. நான் பக்கத்துலயே நின்னேன். அதுல டிஸ்க் போயிடும்னு பாவம், அவருக்கு என்ன தெரியும்? திங்கக்கிழமையோட இந்த ரூம பூட்டிட்டோம்."

மேடம் குனிந்து முதல் கம்ப்யூட்டரின் பொத்தானைப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டார். பொத்தானில் வைத்த சந்தனம் நடுவில் விரல் பட்டு அழிந்துபோயிருந்தது. ஓரத்தில் மட்டும் மஞ்சள் வளையம்.

பிறகு இரண்டாவது கம்ப்யூட்டர். அதன் பொத்தானில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்து, நடுவில் குங்குமம் வைத்தது வைத்தபடி வட்டமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"வஜிஹா, பொத்தானை அமுக்காம இது உயிர் பெறுமா?" என்று மேடம் மெல்லக் கேட்டார்.

"பெறாதுங்க."

அவ்வளவுதான். முதலாளி இரண்டாவது பொத்தானைத் தொடவே இல்லை. இரண்டும் ஒன்றாக ஓடவே இல்லை. வஜிஹாவின் வேலையைத் தின்ற கதை, கட்டைவிரல் அகலச் சந்தனத்தில் செத்தது. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. மேடம் என் காலை மிதித்தார்.

"முதல் மெஷின மட்டும் போட்டு, டிஸ்க்க காட்டும்மா. எதையும் மாத்தாத" என்றார்.

வஜிஹா போட்டாள். திரையில் கட்டம் கட்டமாக ஏதோ வந்தது. அவள் முகம் மாறியது.

"மேடம், ரெண்டும் மோதிக் கெட்டுப்போன டிஸ்க் இப்படி இருக்காது. இத யாரோ புதுசா தயார் பண்ணியிருக்காங்க. நான் குடுத்த சீட்டப் பாத்து, வரி வரியா. டிஸ்க்க தயார் பண்றதும் அழிக்கறதும் ஒரே வேலைங்க மேடம். காலி டிஸ்க்ல பண்ணா தயாரிப்பு. நிரம்பின டிஸ்க்ல பண்ணா..." முடிக்காமல் திரையைத் தொட்டாள். "பேரப் பாருங்க. நான் வெச்ச பேரு இது இல்ல. பேர காலியா விட்டாலும் ஓடும். இத பண்ணவரு விடல."

ஆங்கில எழுத்தில், டிஸ்க்கின் பெயர்: PECHI.

பிரஸ் ஷாப்பின் சாக்பீஸ் எழுத்து என் கண் முன் வந்து நின்றது. பேர் வைக்காததில் முதல் அடி அடிக்கமாட்டார்கள். தெற்கத்திச் சாமி. இந்த ஓசூரில் மாதம்மா உண்டு, முனீஸ்வரன் தெருவுக்கு ஒருவர் உண்டு. பேச்சியைக் கும்பிட கோவில்பட்டிப் பக்கத்திலிருந்துதான் ஆள் வரவேண்டும். வந்த ஆள் வெளியே தங்கைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

மேனேஜர் வாசலில் யாரிடமோ டீ சொல்லிக்கொண்டிருந்தார். வஜிஹா குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் ஒண்ணு மேடம். அழிச்சவரு பண்ணது மேலோட்டமானது. எது எங்க இருக்குதுன்னு சொல்ற அட்டவணைதான் போயிருக்குது. ரெக்கார்டு அடியில அப்படியே இருக்கும். அதுமேல புதுசா எதையும் எழுதாத வரைக்கும் பெங்களூர்ல எடுத்துரலாம்."

மேடத்தின் கண்ணில் நான் அன்று முதன்முதலாக ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

மேனேஜர் திரும்பி வந்தார். "என்ன மேடம், பாத்தாச்சா? போனவனும் வரமாட்டான், போன எழுத்தும் வராது. ஏழைங்க விதி, நாம என்ன செய்ய முடியும்?"

அந்த "நாம" எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க என் அம்மா காத்தூன் எனக்கு முப்பது வருஷமாகச் சொல்லித் தந்தாள். நான் கற்றுக்கொள்ளவில்லை.

"விதிய விடுங்க சார். உங்க ஆளு வெள்ளையடிச்சிருக்கான், சுவர இடிக்கல. எழுத்தெல்லாம் அடியில சொகமா படுத்துனு இருக்குது. பெங்களூர்ல ஒரு தட்டு தட்டினா எழுந்து உட்காந்து உங்க பேரக்கூட சொல்லும்!"

மேனேஜரின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் ஒரு தடவை டிஸ்க் பெட்டிக்குப் போய் வந்தது. "அப்படியா? சந்தோஷம்" என்றார்.

"பாஷா, வெளியே வா" என்றார் மேடம். அந்தக் குரலில் அவர் என்னை அதுவரை கூப்பிட்டதில்லை.

டிஸ்க்கை சீல் வைக்கச் சொல்லி இன்ஸ்பெக்டருக்கு ஃபேக்ஸ் போக வேண்டும். மனுவில் ராஜாத்தியின் கையெழுத்து வேண்டும். வஜிஹாவை அறையிலேயே விட்டுவிட்டுப் போக மேடம் பார்த்தார். கம்பெனி விதிப்படி வெளியாள் தனியாக இருக்கக் கூடாது என்றார் மேனேஜர். மணி பன்னிரண்டே முக்கால்.

கேட்டுக்கு நடக்கும்போது நான் சொன்னேன்: "மேடம், முதல்ல கையெழுத்து வாங்கிடுவோம். அண்ணன் விஷயத்த அப்பறம் சொல்லிக்கலாம்."

"எதுக்குக் கையெழுத்து போடறோம்னு தெரியாம போட வெச்சா, நானும் அந்தாளும் ஒண்ணு பாஷா."

புங்க மரத்தடியில் மேடம் சுற்றி வளைக்கவில்லை. "ராஜாத்தி, உன் பொறந்த வீட்டுக் குலசாமி யாரு?"

"பேச்சியம்மன். ஏன்மா கேக்கிய?"

"அந்த டிஸ்க்க அழிச்சவன் அதுக்குப் பேச்சின்னு பேர் வெச்சிருக்கான்."

குடை முதலில் இறங்கியது. பிறகு கருப்பசாமி தரையில் உட்கார்ந்தான். ராஜாத்தி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் அவள் முகத்தில் நேராக அடித்தது.

"அண்ணே?"

"சனிக்கிழமை ரெண்டாம் ஷிப்ட்ல நான்தான்த்தா செஞ்சேன். யாரும் சொல்லல. திங்கக்கிழமை மேனேஜர் என்னய ஒரு பார்வை பாத்தாரு. 'பூஜையில ரெண்டையும் போட்டுட்டோம்ல, கருப்பசாமி'ன்னாரு. நான் ஆமான்னு தலையாட்டினேன்."

"எதுக்கு அழிச்சே?"

"சாவி என் சாவி." அவன் மண்ணைப் பார்த்துப் பேசினான். "கதவு போட்டு அடிச்சா ஷிப்ட்டுக்கு எண்ணூறு பீஸு. கதவ நிறுத்திட்டா ஆயிரத்து எரநூறு. 'ஆயிரத்து எரநூறு வேணும், எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்'னாரு மேனேஜர். பத்தொம்பது நாளு என் சாவியத்தான் போட்டு வெச்சிருந்தேன். அன்னைக்கு மாப்ள கேட்டாரு. 'மச்சான், பயமா இருக்கு, கதவப் போட்டுரு'ன்னாரு. 'இந்த ஷிப்ட் மட்டும் முடியட்டும் மாப்ள'ன்னேன்."

உள்ளே பிரஸ் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்த ரெக்கார்டு யார் சாவின்னு சொல்லும். யார் வாயின்னு சொல்லாது" என்றார் மேடம். "அத எடுத்தா உன் புருஷன் மேல இருக்கற பழி போகும் ராஜாத்தி. உன் அண்ணன் ஜெயிலுக்குப் போவான். மேனேஜருக்கு ஒண்ணும் ஆகாம போகலாம். இதுல நீ கையெழுத்து போடணும். வேண்டாம்னா நான் போயிடறேன்."

ராஜாத்தி கருப்பசாமிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவன் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா என் பிள்ளைகளுக்கு இந்தக் கையாலதானே சோறு ஊட்டுனே?" என்றாள். அவன் அழுதான். அவள் அழவில்லை. "எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு என்கூட ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கினியேண்ணே. 'மாப்ளைக்கு நியாயம் கெடைக்கும்த்தா'ன்னு சொன்னியே."

எழுந்து மேடத்திடம் கை நீட்டினாள். "எங்கம்மா போடணும்?"

"போடுத்தா, போடு" என்றான் கருப்பசாமி. "உள்ள வந்து நானும் சொல்லுதேன். அந்தாளு மூஞ்சிக்கு நேரா சொல்லுதேன்."

அவள் தமிழில் பெயரை எழுதினாள். நான் எதிர்ப் பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு ஓடி ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு வந்தேன். மணி ஒன்று இருபது. ஐந்து பேரும் பிரஸ் ஷாப் வழியாக நடந்தோம். ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று அப்போது என்னிடமே நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு திரைகளும் வெளிச்சமாக இருந்தன.

மேனேஜர் இரண்டாவது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் வஜிஹா எழுதிக் கொடுத்த சீட்டு. டிஸ்க் பெட்டியின் பச்சை விளக்கு நிற்காமல் துடித்தது. இரண்டு திரையிலும் கோப்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. டிஸ்க்கின் பெயர் இருந்த இடம் காலியாக இருந்தது.

"நிறுத்துங்க!" என்று வஜிஹா கத்திக்கொண்டு ஓடினாள். இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. அவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "எவ்வளவு நேரமா ஓடுது?"

"நீங்க போனதுல இருந்துதான். அரை மணி நேரம் இருக்கும்" என்றார் மேனேஜர். "கணக்கு வேலை நிக்குதும்மா. எத்தன நாள் காத்துனு இருக்கறது? ஒண்ணரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ரெண்டையும் போட்டு, கோப்பெல்லாம் ஏத்திடலாம்னு பாத்தேன். இன்ஸ்பெக்டர் லெட்டர்ல போடக்கூடாதுன்னு இல்லியே."

நான் இரண்டாவது பொத்தானைப் பார்த்தேன். குங்குமம் வழிந்து, சந்தனம் உடைந்து, நடுவில் ஒரு கட்டைவிரல் பள்ளம். மேனேஜரின் விரலில் மஞ்சளும் சிவப்பும் இருந்தது. அதைக் கைக்குட்டையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார். நாலு நாளாகச் சொன்ன பொய்யை அந்த மனுஷன் அரை மணி நேரத்தில் நிஜமாக்கிவிட்டார். பேச்சியும் போய்விட்டாள், சந்தனமும் போய்விட்டது. இரண்டு மெஷினும் ஒன்றாகத்தான் ஓடியிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கருப்பசாமி முன்னால் வந்தான். "சாவி போட்டது நான். போடச் சொன்னது நீரு. நாளைக்குக் கிருஷ்ணகிரியில சொல்லுவேன்."

"சொல்லு கருப்பசாமி" என்றார் மேனேஜர், அதே இனிப்போடு. "தங்கச்சிக்கு நஷ்டஈடு வாங்கித் தர கூடப்பொறந்தவன் பொய் சொல்றான்னு எழுதிக்குவாங்க. வேற ஆதாரம் இருந்தா காட்டச் சொல்லுவாங்க. இருக்குதா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வெளியே வந்தோம். வஜிஹா பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். போகும்போது என்னிடம், "நான் உங்க காதுல விழற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதுண்ணா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கருப்பசாமி குடையை விரித்துத் தங்கையின் தலைக்கு மேல் பிடித்தான். ராஜாத்தி இரண்டு அடி தள்ளி வெயிலில் நின்றுகொண்டாள். ஸ்கூட்டரைக் கிளப்ப நான் குனிந்தபோது என் பக்கத்தில் வந்தாள்.

"தம்பி, எழுத்து அடியில இருக்குன்னு நீங்கதான் சொன்னியளாமே. அந்தக் கம்ப்யூட்டர் பிள்ள சொல்லுச்சு." கண்ணைச் சுருக்கி என் முகத்தையே பார்த்தாள். "இப்பவும் இருக்குமா?"

சாவியைத் திருகிக்கொண்டே நின்றேன். வண்டி கிளம்பவில்லை, அவளும் போகவில்லை.